நாற்பத்து மூன்று பச்சை

எங்கள் தொழிலில் மூன்றே நிறம்தான். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நாறினால் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் மதுரை ஆபீசின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, திரையில் எது என்ன நிறம் என்று பார்ப்போம். பச்சையாக இருந்தால் டீயும் பிஸ்கட்டும் வரும். சிவப்பாக இருந்தால் யாருடைய தலையாவது உருளும். பதினொரு வருஷமாக இந்தக் கூத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். என் பெயர் குமரகுரு. சொந்த ஊர் பழனி. விசிட்டிங் கார்டில் புராஜெக்ட் மேனேஜர் என்று போட்டிருக்கும். ஒரு சாஃப்ட்வேர் வேலையை முதல் நாள் பேச்சிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை இழுத்துப்போய்க் கரை சேர்ப்பவன் என்று அர்த்தம். கரை சேர்த்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் எங்களுக்கு வந்தது யானை வேலை. ஆடலூருக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில் கூனிப்பாறை என்று ஒரு சிற்றூர். அறுபது வீடு இருக்கும். காப்பியும் மிளகும்தான் பிழைப்பு. ஊருக்குக் கீழே ஒரு பெரிய பள்ளம், அதில்தான் காப்பித் தோட்டம், அதன் குறுக்கேதான் யானை நடக்கிற தடம். மணியன் என்பவர் ஆறு வருஷமாகப் பாறைமேல் பரண் கட்டி உட்கார்ந்து, யானையைக் கண்டதும் கையால் சுற்றுகிற சைரன் சங்கைச் சுற்றிவிடுவார். அந்த ஊளைச் சத்தம் கேட்டதும் பள்ளத்தில் பழம் பறிக்கிற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு மேடேறிவிடுவார்கள். ஆறு வருஷத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மணியனுக்குச் சம்பளம் கொடுத்துவந்தது பசுங்குன்று அறக்கட்டளை.

அவர்களுக்குத் திடீரென்று நவீனமாகிவிட வேண்டும் என்று அரிப்பெடுத்தது. எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். மரத்தில் கேமரா மாட்டுவது, கேமராவில் யானை தெரிந்தால் ஊரிலுள்ள எல்லாச் செல்போனும் அலறுவது. போனுக்குரியவர் ‘பார்த்துவிட்டேன், பத்திரமாக இருக்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கும்வரை அலறல் ஓயாது. இது ஓடத் தொடங்கிய அன்றே பரணும் சங்கும் மணியனும் நிறுத்தப்படுவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த வரியை டைப் அடித்தவன் நான்தான்.

ஊர்க்காரர்களின் தேவை என்ன என்று கேட்டறிவதுதான் எங்கள் வேலையின் முதல் கட்டம். அதை எங்கே நடத்தினோம் தெரியுமா? கொடைக்கானலில், ஏரி தெரிகிற ஒரு ரிசார்ட்டில், மே மாதத்தில். சீசன் நெரிசலில் மூன்று மணி நேரம் காரில் வெந்து போய்ச் சேர்ந்து, இரண்டு நாள் சுவரெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டினோம். அறக்கட்டளையிலிருந்து எட்டுப் பேர், எங்களில் ஆறு பேர். கூனிப்பாறையிலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. ‘பழங்குடி மனநிலை’ என்று ஒருவர் பேசினார். கூனிப்பாறையில் பழங்குடியே கிடையாது. நானும் தலையாட்டிக்கொண்டு காளான் சூப் குடித்தேன்.

பிறகு ஊருக்கு ஒரு படிவம் அனுப்பினேன். ‘உங்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?’ நாற்பத்து மூன்று பேர் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். போன் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, காப்பி பறிக்கிற நேரத்தில் அந்தப் போன் எங்கே இருக்கும் என்று கேட்கவில்லை. கேமராவுக்கு டவர் கிடைக்கத் தனி ஆன்டெனா நட்டோம். மனுஷனுக்கு டவர் கிடைக்கிறதா என்று ஒருத்தனும் பார்க்கவில்லை.

செப்டம்பரில் வெள்ளோட்டம் விட்டோம். வாரம் இரண்டு முறை பொய் அலறல் அனுப்புவது, எத்தனை பேர் பச்சை அமுக்குகிறார்கள் என்று எண்ணுவது. நாற்பத்து மூன்றில் ஏழு வந்தது. அடுத்த தடவை ஐந்து. சுசித்ரா கண்ணாடி அறையில் என்னை நிற்க வைத்துப் பேசினாள். அவள்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவி.

“குரு, என்ன இது? ஏழு பேரா? கிளையண்ட்டுக்கு இதைக் காட்டினா காறித் துப்புவாங்க. டிரெயினிங் குடுத்தீங்களா இல்லையா?”

“குடுத்துர்றேன் மேடம்.”

“பச்சை வரணும். எப்படி வருதுங்கறது உங்க பிரச்சினை.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஊரையே கூட்டி உட்காரவைத்தார்கள். லீவு நாள் என்பதால் எல்லோர் கையிலும் போன் இருந்தது. எப்படி அமுக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் பாண்டிச்செல்வி. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிருக்கும்.

“சார், பழம் பறிக்கிறதுக்கு ரெண்டு கையும் வேணும். போனை எங்க வெச்சுக்கிர்றது?”

“இடுப்புல சொருகிக்கங்க,” என்றேன்.

“இடுப்புல கூடைக்கயிறு கெடக்கு. மழைக்கு மேல சாக்கு வேற. நீங்க வேணா ஒரு நாளைக்கு வந்து நில்லுங்க, உங்க கழுத்துல கட்டித் தொங்க விடுறேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். எங்கள் தொழிலில் பதில் இல்லாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சினேன்.

“தயவுசெஞ்சு அந்தப் பச்சையை மட்டும் அமுக்கிருங்க. இல்லைன்னா என் வேலைக்கே வேட்டு வெச்சுருவாங்க. எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு.”

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், “அய்யோ பாவம், அந்தத் தம்பி பொழப்புல நாம மண்ணப் போட்டுறக் கூடாது,” என்றார். ஊருக்கு வரும் பாதையின் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் குப்பம்மாள் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சுசித்ரா கேக் வாங்கி வெட்டினாள். அறக்கட்டளையிலிருந்து வாழ்த்து வந்தது. இதே மாதிரி இன்னும் பதினான்கு ஊரில் போடலாம், அதற்கெல்லாம் குருவையே பொறுப்பாகப் போடலாம் என்று பேச்சு அடிபட்டது. எப்படி ஒரே வாரத்தில் ஐந்து நாற்பத்து மூன்றானது என்று எனக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. கேக்கைத் தின்று அதை விழுங்கிவிட்டேன்.

நவம்பர் தொடக்கத்தில், வேலை சரியாக முடிந்தது என்று ஊர்த் தலைவரிடம் ஏற்புக் கையெழுத்து வாங்கப் போனேன். புதன்கிழமை காலை. ஜீப் அந்த வளைவில் நின்றது. டீ குடிக்கலாம் என்று குப்பம்மாள் கடைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர் நீளத்துக்கு ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு போன். மஞ்சள் பையில், கறுப்பு உறையில், குழந்தையின் காலுறையில். கீழே வயர் வயராக சார்ஜர்.

“என்னக்கா இது?”

“போன்தான் சார்,” என்றார் குப்பம்மாள். “ஊருக்குள்ள டவர் ஏது? இந்த வளைவுல மட்டுந்தான் கெடைக்கும். காலையில வேலைக்குப் போறப்ப இங்க மாட்டிட்டுப் போவாங்க. சாயங்காலம் எடுத்துக்குவாங்க. நடுவுல யாராச்சும் கூப்பிட்டா நானே பேசி, சேதியக் கேட்டு வெச்சுருவேன். செல்போன் வந்த நாள்ல இருந்து இப்படித்தான்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அன்றைய பொய் அலறல் வந்தது. நாற்பத்து மூன்று போனும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. குப்பம்மாள் பாலை இறக்கிவைத்தார், முந்தானையில் கையைத் துடைத்தார், பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக அமுக்கிக்கொண்டே போனார். யார் போனுக்கு என்ன பூட்டு, எந்த எண் எல்லாம் மனப்பாடம். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து பாலை மறுபடி ஏற்றினார்.

“ஒண்ணு விடாம அமுக்கிட்டேன் சார். மொதல்ல சாக்கப் போட்டு மூடி வெச்சுருந்தேன், சத்தம் தாங்காம. டீ குடிக்க வந்தவங்க மட்டும் அவங்கவங்களத அமுக்கிட்டுப் போவாங்க. அப்புறம் நீங்க வந்து பொழப்பு போயிரும்னு சொன்னீங்களா, மனசு கேக்கலை. இப்ப எல்லாம் பச்சைதான? உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?”

கீழே பள்ளத்தில் பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. அவர்கள் எல்லோரும் பத்திரமாக இருப்பதாக மதுரையில் திரை சொல்லிக்கொண்டிருந்தது. மணியனின் சங்கு இறங்கினால் இந்தப் பெண்களுக்கு யானை வருவதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. இது எனக்கு அந்தக் கணத்திலேயே முழுசாகப் புரிந்தது. புரியவில்லை என்று பின்னால் யாரிடமும் பொய் சொல்ல முடியாதபடி புரிந்தது.

கடை வாசலிலிருந்தே சுசித்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அலெர்ட் போனுக்குப் போய்ச் சேந்துச்சா?” என்றாள்.

“சேந்துச்சு மேடம், ஆனா...”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு. ஆனா அமுக்குறது ஒரே ஆள்.”

“குரு, போனை யார் எங்க மாட்டி வெக்கிறாங்கங்கறது நம்ம வேலைக்குள்ள வராது. ஒப்பந்தத்துல இருக்கா? இல்லை. ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் சங்கையாவது வெச்சுருக்கலாம் மேடம்.”

“வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றாங்க. இப்பப் போய் சங்கு வேணும்னா, அப்ப நீங்க செஞ்சது என்னன்னு கேப்பாங்க. பதினாலு ஊரு குரு. உங்களுக்குத்தான் வருது. யோசிச்சுக்கங்க.”

யோசித்தேன். ஜீப்பில் போய் ஊர்த் தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன். அதற்குக் கீழே, ‘அனைத்தும் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்தில், நானும் போட்டேன். திரும்பும் வழியில் குப்பம்மாளிடம், “அக்கா, அலறுனா கொஞ்சம் சத்தமும் குடுத்துருங்க, பள்ளத்துக்குக் கேக்குற மாதிரி,” என்றேன். “சரிங்க சார்” என்றார். அதோடு என் மனசாட்சிக்குப் பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. த்தூ!

வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டினார்கள். சங்கை இறக்கிக் கழுவித் துடைத்து, அறக்கட்டளை ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அலங்காரத்துக்கு வைத்தார்கள். மணியன் என்னிடம் வந்தார்.

“சார், என் சோலி போனாப் போகுது. நானும் காப்பி மூட்டை தூக்கிப் பொழச்சுக்குவேன். ஆனா இது சரியா வேலை செய்யுமா சார்? நீங்க சொன்னா நம்புறேன்.”

“செய்யும்ணே,” என்றேன். வாய் கூசவில்லை.

திறப்பு விழாவுக்குப் பின் ஐந்தாவது திங்கட்கிழமை. கண்ணாடி அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே திரையில் எச்சரிக்கை விழுந்தது. கூனிப்பாறை, மூன்றாம் கேமரா, 8.52. இது வெள்ளோட்டம் இல்லை, நிஜ யானை. எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தோம். ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு என்று பச்சை ஏறியது. 8.56-க்கு நாற்பத்து மூன்றும் பச்சை. அறையில் கைதட்டினார்கள். சுசித்ரா எழுந்து நின்று தட்டினாள். நான் தட்டினேனா என்று இப்போது எனக்கு நினைவில்லை. தட்டியிருப்பேன்.

ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. குப்பம்மாள் கடை நம்பர். கூட்டத்தில் இருந்ததால் வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது, மறுபடி வெட்டினேன். மூன்றாம் முறை எடுத்தபோது மணியன் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்.

“சார், பாண்டிச்செல்விய யானை அடிச்சுக் கொன்னு போட்டுருச்சு சார். நான் மூட்டைய எடுத்துட்டுத் திரும்புறேன், பனிக்குள்ள பக்கத்துலயே நிக்குது. ஓடுங்கடின்னு கத்துனேன். மத்தவளுக ஓடிட்டாளுக. அவ கூடைக்கயிறு மிளகுக்கொடியில மாட்டிக்கிருச்சு. ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மேடேறியிருப்பா சார். அஞ்சே நிமிசம்.”

நான் அறைக்குள் போய்ச் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சுசித்ரா உடனே கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஒரு நிமிஷம் கழித்துப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

“நல்லவேளை. அவ போன் 8.55-க்குப் பச்சை. பத்திரமா இருக்கேன்னு அமுக்கியிருக்கா. நம்ம மேல ஒண்ணும் வராது.”

எழுந்து கழிப்பறைக்குப் போனேன். முகம் கழுவித் திரும்பியபோது காகிதம் தயாராக இருந்தது. ‘பாண்டிச்செல்வியின் கைபேசிக்கு 8.52-க்கு எச்சரிக்கை சென்றது. 8.55-க்குத் தாம் பத்திரமாக இருப்பதாக அவர் உறுதிசெய்தார். அதன் பிறகு அவராகவே ஆபத்தான இடத்துக்குச் சென்றார்.’ கீழே ஊர்க்காரர் இருவர் கையெழுத்து வேண்டும். அறக்கட்டளை விசாரணைக்கு இது போனால் போதும், பதினான்கு ஊர் வேலை அடுத்த மாதமே தொடங்கிவிடும். பதினான்கு ஊரிலும் சங்கு இறங்கிவிடும்.

“நீங்கதான் அவங்ககிட்ட நல்லாப் பழகியிருக்கீங்க. வெரசாப் போய் வாங்கிட்டு வந்துருங்க,” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். போ என்றால் போய்ப் பழகிய கால். கடையில் அடுப்பு எரியவில்லை. போன்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. குப்பம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. காகிதத்தை நீட்டினேன். எழுத்துக்கூட்டி, விரலை வைத்து, மெதுவாகப் படித்தார்.

“இதுல தப்பா இருக்கே சார். அவ எங்க உறுதி சொன்னா? அமுக்குனது நானாச்சே.”

சட்டைப்பையிலிருந்து எடுத்த பேனாவைத் திரும்பச் சொருகினேன்.

“நான் அமுக்குனதுதான் தப்பாப் போச்சா சார்? மூணு நாளா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீங்க சொன்ன மாதிரி சத்தமும் போட்டேன். தொண்டை கிழியக் கத்துனேன். பள்ளம் வரைக்கும் எட்டலை.” காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “அமுக்குனது குப்பம்மான்னு எழுதுங்க. என்னைய ஜெயில்ல போட்டாலும் பரவால்ல. அவளாப் போனான்னு எழுதாதீங்க. செத்தவ மேல பழி போடாதீங்க சார், உங்களக் கும்புடுறேன்.”

அவர் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் போய். அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தால் சுசித்ரா துள்ளிக் குதிப்பாள் என்று எனக்குத் தெரியும். கம்பெனி மேல் தப்பில்லை, செத்தவள் மேலும் தப்பில்லை, டீக்கடைக்காரி மேல் தப்பு. அதைவிட வசதியான பதில் உலகத்தில் இல்லை. அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு அந்த அசிங்கத்தை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

“உங்க மேல தப்பில்லைக்கா. எனக்கு முன்னாடியே தெரியும். போன மாசம் நீங்க அமுக்குனதை இங்க நின்னு பாத்தேன்ல. அப்பவே தெரியும், சங்கு இல்லைன்னா பள்ளத்துல இருக்கவங்களுக்குச் சேதி போகாதுன்னு. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”



“தெரியுமா?” என்றார். பிறகு, “தெரிஞ்சுக்கிட்டா சங்க எறக்குன?”

“ஆமாக்கா.”

“எந்திரி. எந்திரிச்சு வெளிய போ.”

வளைவைத் தாண்டி நிறுத்தியிருந்த ஜீப்பில் போய் உட்கார்ந்தேன். போனை எடுத்து அறக்கட்டளைத் தலைவருக்கு எழுதினேன், சுசித்ராவுக்கும் நகல் போட்டேன். ‘பொத்தானை அமுக்கியவர் பாண்டிச்செல்வி அல்ல. அவருடைய போன் டீக்கடையில் இருந்தது. எல்லாப் போனிலும் அமுக்கியவர் கடைக்காரர். அப்படி அமுக்கச் சொல்லி ஊரையே கெஞ்சியவன் நான். அதனால் என்ன ஆகும் என்று தெரிந்தும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவனும் நான். சுசித்ராவிடம் அன்றே சொல்லியிருந்தேன். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சங்கை இன்றைக்கே கூனிப்பாறைக்கு அனுப்புங்கள். பதினான்கு ஊரிலும் நிறுத்துங்கள்.’ இதற்கப்புறம் இந்தத் தொழிலில் என்னை ஒருத்தனும் சேர்க்கமாட்டான் என்று தெரிந்தேதான் எழுதினேன். அனுப்பப் போனால், போகவில்லை. டவர் இல்லை. இருபது அடி முன்னே, இருபது அடி பின்னே ஜீப்பை நகர்த்திப் பார்த்தேன். ம்ஹும்.

திரும்பிக் கடை வாசலுக்குப் போனேன்.

“மறுபடி எதுக்கு வந்த?”

“நடந்ததையெல்லாம் எழுதிட்டேன்க்கா. மேல அனுப்பணும். இங்கதான் டவர் இருக்கு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார். போனைக் கொடுத்தேன். வாங்கி மற்றப் போன்களோடு ஒரு ஆணியில் தொங்கவிட்டார். “வெளிய நில்லு. போச்சுன்னா சொல்றேன்.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும், உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இதுல என்னமோ கேக்குது.”

“என்ன கேக்குதுக்கா?”

“போகலை, மறுபடி அனுப்பவான்னு கேக்குது. கீழ ஒரு பொத்தான் இருக்கு.”

“அமுக்கிருங்கக்கா,” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.



“நான் அமுக்க மாட்டேன்,” என்றார் குப்பம்மாள். “நீயே வந்து அமுக்கு.”

தலையைக் குனிந்து உள்ளே போனேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அமுக்கினேன்.